மையித்து வீட்டுச் சவுக்காரம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. ஜும்ஆ முடிந்த கையோடு பாண்டிருப்புக்குப் போய்க் கந்தப்போடியின் சவுக்காரத் தொழிற்சாலைக்கு நெருப்பு வைப்பதென்று கடைத்தெரு இளந்தாரிகள் முடிவெடுத்திருந்தார்கள். ரகசியமாக அல்ல. தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே சத்தமாகப் பேசி எடுத்த முடிவு அது.

சீனிமுகம்மது கல்முனைச் சந்தையில் இருபது வருடம் மூட்டை சுமந்தவன். அடுக்கிய மூட்டை எப்போது சரியும் என்பது கண்ணுக்குத் தெரியுமுன் அவன் முதுகுக்குத் தெரிந்துவிடும். அன்று காலையிலிருந்தே முதுகு கூசிக்கொண்டிருந்தது.

சைக்கிள் கடைக்கு மேலேயிருந்த அறையில், துப்பறியும் முனாப் வாயில் கராம்பு ஒன்றை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொலிசில் சார்ஜண்டாக இருந்து, மேலதிகாரி நீட்டிய பொய் அறிக்கையில் கையெழுத்து வைக்க மறுத்து வீட்டுக்கு வந்தவர். அவருக்கு உதவியாளாகச் சீனிமுகம்மது பக்கத்தில் நிற்க, எதிரே கந்தப்போடி நின்றார். கதிரை கிடந்தும் உட்காரவில்லை.

"தம்பி முனாப், என்ட கொக்கு மார்க் சவுக்காரத்தில தேங்காயெண்ணெய விட்டா வேற எண்ணெய் இல்ல. அதுக்குப் போய்ப் பண்டிக் கொழுப்பு, ஹறாம் எண்டு சொல்லுறானுகள். இருபது நாளா முஸ்லிம் கடை ஒண்டும் எடுக்கிறல்ல. அது போகட்டும். உள்ளுக்க நாப்பது புள்ளைகள் வேலை செய்யுதுகள். அரைவாசிக்கு மேல உங்கட ஆக்கள். இண்டைக்கு வராதிங்க எண்டு படிச்சிப் படிச்சிச் சொன்னன்."

"வந்திட்டாங்களா?"

"வந்து கதவையும் உள்ளால பூட்டிட்டுதுகள். 'நாங்க உள்ளுக்க இருந்தா நெருப்பு வைக்க மாட்டானுகள் போடியார்' எண்டு சொல்லுதுகள்." கந்தப்போடி முனாப்பின் முகத்தைப் பார்த்தார். "வைக்க மாட்டானுகளா தம்பி?"

சீனிமுகம்மதுதான் சொன்னான். "போடியார், நீங்க போய்ப் புள்ளைகளோட இரிங்க. ஜும்ஆ முடியிறதுக்குள்ள நாங்க ஒரு வழி பண்ணுறம்." சொல்லி முடித்த பிறகுதான் அந்த வழி என்னவென்று அவனுக்கே தெரியாதது நினைவுக்கு வந்தது.

கந்தப்போடி படியிறங்கியதும் முனாப் ஒரு சின்னக் கொப்பியை விரித்து அவனிடம் நீட்டினார். "போடியார் முதல் தரம் வந்தப்பவே, இந்தக் கதை எந்த ஊருக்கு எப்ப வந்தது எண்டு விசாரிச்சுட்டு வரச் சொன்னனே. வாசி."

சீனிமுகம்மது எழுத்துக் கூட்டி வாசித்தான். "இறக்காமம், திங்கள். பாலமுனை, செவ்வாய். மருதமுனை, வியாழன். சாய்ந்தமருது, ஞாயிறு."

"சாய்ந்தமருது இஞ்ச இருந்து எவ்வளவு தூரம்?"

"இஞ்ச தும்மினா அல்ஹம்துலில்லாஹ் அங்க கேக்கும்."

"இறக்காமம்?"

"யானை கூட ஒரு நாள் தங்கித்தான் வரும்."

"பக்கத்து ஊருக்குக் கடைசியா வந்த கதை, யானைக் காட்டுக்கு முதல்ல எப்பிடிப் போச்சி? ஊர்க்கதை எண்டா சந்தைக்குப் போகும், கடற்கரைக்குப் போகும், கிணத்தடிக்குப் போகும். இது நாள் குறிச்சிப் போயிரிக்கி."

சீனிமுகம்மது தலையைச் சொறிந்தான். திங்கள் இறக்காமம், செவ்வாய் பாலமுனை. இந்த வரிசையை எங்கோ கேட்டிருக்கிறான். கேட்ட இடம் நினைவுக்கு வந்ததும் சட்டென்று நிமிர்ந்தான். ஒலிபெருக்கியில் கேட்டது அது.

"வெண்பிறைச் சவுக்காரத்தின்ட விளம்பர வேன்!"

"ஓம். கதை நடந்து போகல்ல சீனி. வேன்ல ஏறிப் போயிரிக்கி."

வெண்பிறை ஜவுபர் ஹாஜியாரின் கம்பனி. அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்ட பிறகு மணக்க மணக்க வெளிநாட்டுச் சவுக்காரம் வந்து குவிந்தபோது, இருநூறு பேருக்கு வேலை கொடுத்து எதிர்த்து நின்ற கம்பனி. ஹாஜியார் பள்ளிவாசல் நிருவாகத்திலும் இருந்தார். மேடையேறி 'யாவாரத்தில் அமானிதம், நேர்மை' என்று பேசினால் சனம் கண்ணைத் துடைக்கும். விற்பனையைப் பார்த்தது ஹமீட் என்ற மனேஜர். கொழும்பில் படித்துவிட்டு வந்து கழுத்துப்பட்டி கட்டியவன்.

"அப்ப ஹமீட்டின்ட கழுத்துப்பட்டியப் புடிச்சி இழுப்பம் காக்கா. இழுக்கிறதுக்கெண்டே கட்டியிரிக்கான்." முனாப்பை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"இழுத்தா? வேன் போன பாதையால காகமும் போகும். சாட்சி இல்ல. அந்தப் பொடியனுகள் எங்கட சொல்லுக்குச் செவி குடுப்பானுகளா? ஹாஜியார் ஒரு வார்த்த சொன்னா நிப்பானுகள். மனேஜர் அவருக்குத் தெரியாமச் செஞ்சிரிக்கான் எண்டுதான் நான் நினைக்கிறன். வெறுங்கையோட போய் அவர்ட்டச் சொல்ல ஏலாது. காட்டுறத்துக்கு ஒரு பொருள் வேணும்."

"என்ன பொருள்?"

முனாப் கராம்பைக் கடித்தார். "கதை வந்த பிறகும் கொக்கு மார்க்கை நம்பின ஒரு நல்ல வீடு. கடையில கேட்டா ஒருத்தனும் உண்மை சொல்ல மாட்டான். கல்யாண வீட்டில பகட்டுக்கு எதையும் வைப்பான். பொய்ச் சவுக்காரம் வைக்காத இடம் எது, சொல்லு பாப்பம்?"

சீனிமுகம்மது யோசித்தான். மனிதனை ஆகக் கடைசியாகக் குளிப்பாட்டும் இடம் நினைவுக்கு வந்தது.

"மையித்து வீடு," என்றான் மெதுவாக.

முனாப் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

பாத்தும்மாவின் வீடு சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம். அந்த வட்டாரத்தில் பெண்கள் மவுத்தானால், இறந்த உடலைக் குளிப்பாட்டக் கூப்பிடுவது அவளைத்தான். குளிப்பாட்டி மிஞ்சிய சவுக்காரத்தையும் துவாயையும் அந்த வீட்டார் திரும்ப உள்ளே எடுக்கமாட்டார்கள். குளிப்பாட்டியவள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அதனால் பாத்தும்மாவிடம் ஒரு தகரப்பெட்டி நிறையச் சவுக்காரத் துண்டுகள் சேர்ந்திருந்தன. உடுப்புத் துவைக்க எடுப்பாள், இல்லாதவர்களுக்குக் கொடுப்பாள்.

வாசலில் தொங்கிய சீலைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் நின்றார்கள். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஆரு?"

"நான்தான் மாமி, சீனிமுகம்மது. சந்தையில உங்கட நெல்லு மூட்ட தூக்கித் தந்தவன்."

"ஓம் ஓம், மூட்டையில ஓட்ட விட்டவன். என்ன, வீட்டில ஆரும் மவுத்தா?"

"இன்னும் இல்ல மாமி. பகலைக்குள்ள ஆகாமப் பாக்கத்தான் வந்த."

முனாப் விஷயத்தைச் சொன்னார். சீலைக்குப் பின்னால் தகரம் தரையில் உரசியது. பெட்டி சீலைக்கு அடியால் தள்ளப்பட்டு வந்தது.

சீனிமுகம்மது குந்தினான். மேலே கிடந்தவை புதியவை, அடியில் கிடந்தவை பழையவை. ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் அடுக்கினான். மேலே இருந்த துண்டெல்லாம் வெள்ளை வெளேரென்று பிறை முத்திரையோடு இருந்தன. வெண்பிறை, வெண்பிறை, வெண்பிறை. கதை வந்த பிறகு ஒரு வீடும் கொக்கைத் தொடவில்லை. ஏழாவது துண்டை எடுத்தபோது கை நின்றது.

மஞ்சள் நிறம். ஒற்றைக் காலில் நின்ற கொக்கு. விளிம்பு கூடத் தேயவில்லை.

"இதுக்குக் கீழயும் வெண்பிறை, மத்தக் கொக்கெல்லாம் அடியில," என்றார் முனாப், குனிந்து பார்த்து. "அப்ப இது கதை வந்த பிறகு. மாமி, இந்த மஞ்சள் சவுக்காரம் எந்த வீட்ட?"

"அதக் கேக்காதிங்க மனே." குரல் இறுகியது. "மையித்தில கண்டதையும் மையித்து வீட்டையும் கதைக்கப்படாது. நாளைக்கு அல்லாஹ்ட்ட நான் பதில் சொல்லணும்."

"சவுக்காரத்தத்தான் கேக்கிறன்."

"சவுக்காரம் மையித்தில பட்டது."

சீனிமுகம்மது கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றேகால். முதுகில் மூட்டை சரியத் தொடங்கிவிட்டது.

"மாமி," என்றான், "போடியார்ர பெக்டரிக்குள்ள நாப்பது புள்ளைகள் கதவப் பூட்டிட்டு இரிக்கிதுகள். அதுகள் மவுத்தானா நீங்க ஒராளாக் குளிப்பாட்ட ஏலாது."

சீலை அசைந்தது. "என்ட மகள் ஜெமீலாவும் அதுக்குள்ளதான் இரிக்காள்," என்றாள் பாத்தும்மா. "வெள்ளென வந்து என்ட கையக் கொஞ்சிப் போட்டுப் போனாள். ஏன் கொஞ்சினாள் எண்டு இப்பதான் விளங்குது."

கடல் இரைந்தது. அவள் மறுபடி பேசியபோது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து வைப்பவள் போலப் பேசினாள்.

"மையித்த நான் கதைக்க மாட்டன். குளிப்பாட்டின இடத்தையும் கதைக்க மாட்டன். வளவுக்குள்ள கண்டதச் சொல்லுறன். அது எல்லாரும் கண்டது. ஒரு மனேஜர் ஒரு பெட்டி வெள்ளச் சவுக்காரம் கொண்டு வந்தார். வீட்டுக்காரர் அதக் கையால வாங்கி வேலியோரம் வெச்சார். மறுகா ஒராளக் கூப்பிட்டுக் காதுக்குள்ள சொல்லி அனுப்பினார். அவன் பேப்பரில சுத்தி ஒண்டு கொண்டு வந்தான். அவ்வளவுதான்."

"வீட்டுக்காரர் ஆரு மாமி?"

"வளவு எவ்வளவு பெரிய வளவு. வேலியில்ல அது, மதில். மதிலில பிறை போட்டிரிக்கி."

ஜவுபர் ஹாஜியாரின் உம்மா பதினொரு நாளைக்கு முன் மவுத்தாகியிருந்தா. ஜனாஸாவில் இவனும் தோள் கொடுத்தவன்.

மோட்டார் சைக்கிள் கல்முனையை நோக்கிப் பறந்தது. பின்னால் இருந்தபடி சீனிமுகம்மது காதுக்குள் கத்தினான். "காக்கா, இது நல்லதுதானே! ஹாஜியார் கொக்க நம்பியிரிக்கார். பள்ளியில அதச் சொன்னாப் போதும்!"

முனாப் திரும்பவில்லை. "நீ பாதிதான் பாத்திரிக்காய்."

"மத்தப் பாதி?"

"கொக்குச் சவுக்காரத்த ஏன் எடுத்தார் எண்டு பாத்தாய். தன்ட சவுக்காரத்த ஏன் எடுக்கல்ல எண்டு பாக்கல்ல."

காற்றில் தூசி வந்து சீனிமுகம்மதுவின் கண்ணில் விழுந்தது.

கம்பனிக் கந்தோரின் சுவர் முழுக்க விளம்பரம். 'தூய்மைக்கு ஒரு பெயர் வெண்பிறை.' ஹாஜியார் வெள்ளை உடுப்புடுத்து, அத்தர் பூசி, ஜும்ஆவுக்குப் புறப்பட்டு நின்றார். பக்கத்தில் ஹமீட். மணி பன்னிரண்டை நெருங்கியது.

"முனாப், சுறுக்காச் சொல்லுங்க," என்றார் ஹாஜியார். "ஊர் கொதிக்குது. நான் நேரத்தோட போகணும்."

"நெருப்ப அணைக்கவா, விசிறவா ஹாஜியார்?"

ஹமீட் முன்னால் வந்தான். "ஹலோ மிஸ்டர், ஆரோட கதைக்கிறீங்க எண்டு தெரியுமா?"

"தம்பி," என்றான் சீனிமுகம்மது, "வேன் ரிவேர்ஸ் எடுக்குது. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க."

முனாப் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

ஹாஜியார் அதைப் பார்த்தார். தொடவில்லை. தெரு ஒலிபெருக்கியில் யாரோ கஸீதாப் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

"அது… உம்மாவுக்கு அந்த மணம் புடிக்கும்," என்றான் ஹமீட் அவசரமாக.

"உன்னட்டக் கேக்கல்ல," என்றார் முனாப். "ஹாஜியார், உங்கட கொழுப்புப் பீப்பா எங்க இருந்து வருது?"

ஹாஜியார் கதிரையின் முதுகைப் பிடித்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். நல்ல உடுப்புக் கசங்கியது.

"ஒரு வருஷத்துக்கு முன்ன தேங்காயெண்ணெய் கட்டுப்படியாகாமப் போச்சி," என்றார். "வெளிநாட்டுச் சவுக்காரத்தோட போட்டி போட ஏலாது. கொழும்பில ஒரு தரகர் கப்பல் கொழுப்புத் தந்தான். மாட்டுக் கொழுப்புத்தான் எண்டான். கடதாசி காட்டு எண்டன். நாளைக்கு எண்டான். மறுகாவும் கேட்டன், நாளைக்கு எண்டான். ரெண்டு தரம் கேட்டன் முனாப். மூண்டாம் தரம் கேட்டா என்ன சொல்லுவானோ எண்டு பயந்து கேக்கல்ல."

"பயந்தது கேக்கத்தான். விக்கப் பயப்படல்ல," என்றான் சீனிமுகம்மது. அவனையறியாமல் வாய் சொல்லிவிட்டது. அவன் வீட்டுக் கிணற்றடியிலும் வெண்பிறைதான் கிடந்தது.

"அப்ப கந்தப்போடிக் கதை?"

ஹாஜியார் ஹமீட்டைப் பார்த்தார். ஹமீட் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "யாவாரத்தில இது சகஜம். எங்கட சாமான ஆரும் கேக்கிறத்துக்கு முன்ன, மத்தவன்ட சாமானக் கேக்க வைக்கணும். அவ்வளவுதான். நெருப்பு வையுங்க எண்டு நான் சொன்னனா?"

"என்னட்டச் சொல்லிட்டுத்தான் செஞ்சான்," என்றார் ஹாஜியார். "நான் ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல. இருநூறு குடும்பத்த நினைச்சன்." மேசையிலிருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தார். "உம்மா மவுத்தான அண்டைக்கு அந்த வெள்ளப் பெட்டியக் கண்டதும் வேலியோரம் வெச்சிட்டன். அதால உம்மாவக் குளிப்பாட்ட என்ட மனம் விடல்ல."

"ஊர் உம்மாமார் எல்லாரையும் அதாலதான் குளிப்பாட்டினாங்க ஹாஜியார்," என்றார் முனாப். "பாத்தும்மாட பெட்டியில ஒவ்வொண்டாக் கிடக்குது."

பாங்கொலி கேட்டது. ஹாஜியார் எழுந்தார். "நான் வாய் திறந்தா கம்பனி இண்டையோட முடிஞ்சிது."

"திறக்காட்டி நாப்பது புள்ளைகள் முடிஞ்சிது. நான் உங்களப் புடிச்சி இழுக்க மாட்டன். நீங்க நடந்து போற ஆள்."

அன்று பள்ளிவாசலில் சீனிமுகம்மது கடைசி ஸஃப் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் இப்றாஹிம், நெருப்புக் கூட்டத்தின் தலைவன். மண்ணெண்ணெய்த் தகரங்கள் வெளியே சைக்கிள்களில் தொங்கியதை வரும்போதே சீனிமுகம்மது கண்டிருந்தான். குத்பாப் பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் பொடியன்கள் எழும்பப் பார்த்தார்கள். முன் வரிசையில் ஹாஜியார் அதற்கு முன் எழும்பிவிட்டார்.

"ஜமாஅத்தார்களே, கொஞ்சம் இரிங்க."

சனம் அமர்ந்தது. மேடைப் பேச்சை எதிர்பார்த்துச் சிலர் தலையை ஆட்டவும் ஆயத்தமானார்கள். ஹாஜியாரின் உதடு மட்டும் அசைந்தது. விழுங்கிவிடுவார், இந்த மனிதன் விழுங்கிவிடுவார் என்று சீனிமுகம்மது நினைத்தான்.

"என்ட உம்மாவக் குளிப்பாட்டினது கொக்கு மார்க் சவுக்காரத்தால," என்றார் ஹாஜியார். "அது சுத்தமெண்டு தெரிஞ்சுதான் நான் எடுத்த. அதப் பத்தி வந்த கதை பொய். அந்தக் கதை என்ட கம்பனி வேன்ல போச்சி."

பின்வரிசையிலிருந்து இப்றாஹிம் எழுந்தான்.

"அப்ப உங்கட சவுக்காரத்தில என்ன இரிக்கி ஹாஜியார்?"

ஹாஜியார் தலையைக் குனிந்தார். பிறகு நிமிர்த்தினார். "எனக்குத் தெரியாது," என்றார். "ஒரு வருஷமா எனக்குத் தெரியாது."

அடுத்த கணம் பள்ளிவாசல் முழுக்க எழுந்துவிட்டது. செருப்புத் தேடக்கூட ஆள் இல்லை. பாண்டிருப்புக்கு வடக்கே திரும்ப வேண்டும். கூட்டம் தெற்கே திரும்பியது, வெண்பிறைப் பெக்டரிக்கு. தகரங்கள் சைக்கிளிலிருந்து கைக்கு மாறின.

"காக்கா!" என்றான் சீனிமுகம்மது.

"ஓடு," என்றார் முனாப். "இப்ப அந்தக் கதவையும் காக்கணும்."

இருவரும் ஓடினார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால், வெறுங்காலோடு, தொப்பி கழன்று விழ, ஹாஜியார் ஓடிக்கொண்டிருந்தார். கேற்றை அடைந்தவர் அதற்கு முதுகு கொடுத்து நிற்கவில்லை. சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். இரண்டு கதவையும் அகலத் தள்ளிவிட்டார்.

"உள்ளுக்க வேலையாக்கள் இரிக்காங்க," என்றார் மூச்சு வாங்க. "அவங்க வெளிய வந்த பிறகு என்ன வேணுமெண்டாலும் செய்யுங்க."

சத்தம் கேட்டுப் பெண்கள் கூட்டமாக வாசலுக்கு வந்தார்கள். கையெல்லாம் சவுக்காரத் தூள். முன்னால் வந்தவள் சபியா உம்மா. கூட்டத்தின் முன்னால் நின்ற இப்றாஹிமைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள்.

"என்ன மனே அது, மண்ணெண்ணெயா? வீட்டு விளக்குக்கு ரெண்டு நாளாக் கேக்கிறன், கொண்டு வர உனக்கு ஏலாது. இஞ்ச கொண்டு வர ஏலுமா?"

யாரோ சிரித்தார்கள். இப்றாஹிமின் காது சிவந்தது. "உம்மா, இவர் எங்களுக்கு ஹறாமப் பூசியிரிக்கார்!"

"ஹறாமா, ஹலாலா எண்டு அவருக்கே தெரியாதாம்," என்றார் முனாப், இருவருக்கும் இடையில் வந்து. "தெரியாதத நெருப்பு வெச்சா தெரிய வராது. பீப்பா உள்ளுக்கதான் இரிக்கி. ஒண்டும் உள்ளுக்க மிஞ்சப்படாது. வெளிய எடுத்து எண்ணுங்க. மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவம். அதுவரைக்கும் ஒரு கட்டி கூட இந்தக் கேற்றுக்கு வெளிய போகப்படாது. ஹாஜியார், சரியா?"

ஹாஜியார் தலையசைத்தார். "நானே உருட்டுறன்," என்றார்.

அவர் உள்ளே போய் ஒரு பீப்பாவில் தோளை வைத்தார். அத்தர் மணந்த வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கறை ஏறியது. பீப்பா அசையவில்லை. உருட்டத் தெரியாத தோள் அது. இப்றாஹிம் பார்த்துக்கொண்டே நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் தகரத்தைக் கீழே வைத்தான். அவனும் உள்ளே போனான்.

பாண்டிருப்புக்குச் செய்தி சொல்ல ஒரு சைக்கிள் பறந்தது. சீனிமுகம்மது சாரனை மடித்துக் கட்டினான். இருபது வருடப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. முதல் பீப்பாவைச் சரித்து, விளிம்பில் நிறுத்தி, ஒரு சுழற்றில் வெயிலுக்குக் கொண்டு வந்தான். சந்தையில் மூட்டை எண்ணும்போது முதலாவதை 'ஒண்டு' என்று சொல்வதில்லை. 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூண்டு. அவன் வாயும் பழக்கத்தில் அப்படியே திறந்தது.

எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஹாஜியாரும்.

சீனிமுகம்மது வாய்க்கு வந்த சொல்லை விழுங்கினான்.

"ஒண்டு," என்றான்.